கழிவுநீர் டனல், கடல் அவுட்ஃபால்: எந்த அறிகுறி தெரிஞ்சா எங்க பாக்கணும்

ஊருக்கு அடியில ஆழமா டனல் போட்டு கழிவுநீரை கடலுக்குள்ள கொண்டுபோய் விடுற (அந்த கடல் முனை வழி தான் அவுட்ஃபால்) வேலையில இருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். சைட் இன்ஜினியர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், டிசைன் ஆபீஸ்ல புதுசா சேந்த பசங்க, யாருக்கு வேணும்னாலும் உதவும். அறிகுறியை வச்சு பிரிச்சிருக்கேன், ஏன்னா உள்ள நிக்கிறப்ப நமக்கு கண்ணுல படுறது அது மட்டும் தான், காரணம் பாத்தா வேற இடத்துல வேற நாள்ல நடந்ததா இருக்கும், சில சமயம் டிராயிங் போட்ட அன்னைக்கே உள்ள வந்திருக்கும்.

எந்த அறிகுறியா இருந்தாலும் ஒரு வரிசை: முதல்ல தண்ணி, அடுத்து காத்து, கடைசியா மெஷின். நிறைய சைட்ல இது தலைகீழா தான் நடக்குது. டி.பி.எம் (டனல் தோண்டுற மெஷின்) நின்னா பத்து பேர் ஓடி வராங்க, நீர்வரத்து ரீடிங் ரெண்டு நாளா எழுதலன்னா ஏன்னு கேக்க ஆள் இல்ல. இந்த வரிசை மாறினதால தான் பெரிய பெரிய திட்டமெல்லாம் வருஷக்கணக்குல இழுத்துட்டு நின்னிருக்கு.

அறிகுறி: ஃபேஸ்லயோ ப்ரோப் ஹோல்லயோ தண்ணி கூடிட்டே போகுது

ஃபேஸ்னா தோண்டிட்டு இருக்கிற முன் முகப்பு, ப்ரோப் ஹோல்னா முன்னாடி என்ன இருக்குன்னு பாக்க போடுற துளை. ப்ரோப் ஹோல்ல தண்ணி பீச்சி அடிச்சா உடனே வால்வை மூடிட்டு ப்ரெஷர் கேஜ் மாட்டி பாருங்க. 10 மீட்டர் நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 1 பார், அதனால 100 மீட்டர் ஆழத்துல கேஜ் 10 பார் கிட்ட போய் நின்னா அந்த விரிசல் மேல இருக்கிற நிலத்தடி நீரோடவோ கடலோடவோ நேரா தொடர்புல இருக்குன்னு அர்த்தம். தொறந்து விட்ட கொஞ்ச நேரத்துல ப்ரெஷர் விழுந்து வரத்தும் சுருங்கிட்டா அது பாறைக்குள்ள தேங்கி நின்ன தண்ணி, அதுக்கு பயப்பட வேண்டியதில்ல.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. நிலத்துக்கு அடியில போற டனல்ல நீர்வரத்து வாரா வாரம் குறைஞ்சுட்டே வருதுன்னா சிலர் சந்தோஷப்படுறாங்க, பாறை தானா அடைச்சுக்குச்சுன்னு ரிப்போர்ட் எழுதுறாங்க. மேல இருக்கிற நிலத்தடி நீர்மட்டமே இறங்கிட்டு இருக்கலாமே, அதனால கூட வரத்து குறையும். அப்படி இறங்கினா மேல இருக்கிற களிமண் சுருங்கும், மேல இருக்கிற ரோடும் கட்டடமும் சேந்து இறங்கும். அதனால வரத்து ரீடிங்கை தனியா பாக்கவே பாக்காதீங்க, மேல இருக்கிற பீசோமீட்டர் (நிலத்தடி நீர் அழுத்தத்தை அளக்கிற கருவி) ரீடிங்கோட சேத்து ஒரே பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. ரெண்டும் சேந்து இறங்குதுன்னா அது நல்ல சேதி இல்ல.

ஹாங்காங்ல துறைமுகத்தை சுத்தம் பண்ண போட்ட திட்டத்துல முதல் கட்டம் 23.6 கிலோமீட்டர் டனல், கடலுக்கு அடியில 100 மீட்டரையும் தாண்டி போற இடங்கள் உண்டு. எதிர்பாத்ததை விட தண்ணி ரொம்ப அதிகமா வந்துச்சு, 1996ல கான்ட்ராக்டர் வேலையை நிறுத்திட்டாங்க, அப்புறம் வேலையைப் பிரிச்சு வேற ஆளுங்ககிட்ட குடுத்து 2001 கடைசியில தான் ஓட ஆரம்பிச்சது. அதுக்குள்ள ட்சுங் குவான் ஓ பக்கம் கடலைத் தூத்து உண்டாக்கின நிலம் இறங்க ஆரம்பிச்சு, டனல் உறிஞ்சின நிலத்தடி நீர் வரைக்கும் விசாரணை போச்சு. அடுத்து வந்த கட்டத்துல, அது 2015ல முடிஞ்சது, இன்னும் 21 கிலோமீட்டர், ஆழமும் கூடுதல், ஆனா இந்த தடவை டி.பி.எம்மை நம்பாம வெடி வச்சு தோண்டுனாங்க. கேக்க பின்னாடி போன மாதிரி இருக்கும். ஆனா வெடி வச்சு தோண்டுறப்ப ஃபேஸ் முழுக்க கைக்கு எட்டுது, முன்னாடி ப்ரோப் பண்ணி, சுத்தி வட்டமா துளை போட்டு கிரவுட் (விரிசலை அடைக்கிற சிமெண்ட் கூழ்) ஏத்தி, தண்ணி அடங்கினதை அளந்துட்டு அடுத்த ரவுண்டு போகலாம். திறந்த டி.பி.எம்ல அந்த துளைய போடவே கட்டர்ஹெட்டுக்கு (மெஷின் முன்னாடி சுத்துற வெட்டுத் தலை) பின்னாடி கிடைக்கிற கொஞ்சூண்டு இடத்துல சாய்வா போட்டாகணும்.

சரி, என்ன பண்றது: தோண்டுறதுக்கு முன்னாடி கிரவுட் பண்ணுங்க. தோண்டினதுக்கு அப்புறம் ஓடுற தண்ணியில கிரவுட் ஏத்தினா சிமெண்ட் கெட்டிப்படுறதுக்குள்ள கழுவிட்டுப் போயிடும், ஒரு இடத்துல அடைச்சா பக்கத்துல ரெண்டு மீட்டர் தள்ளி வெளிய வரும், இதைத் துரத்திட்டே மாசங்கள் போயிடும். எத்தனை லிட்டருக்கு மேல வந்தா தோண்டுறதை நிறுத்தணும்னு வேலை ஆரம்பிக்கிறப்பவே எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. ராத்திரி ஷிஃப்ட்ல அந்த முடிவை யாரும் தனியா எடுக்கிற மாதிரி விடக்கூடாது.

அறிகுறி: செக்மென்ட் ஜாயிண்ட்ல கசிவு, ரிங்ல விரிசல்

செக்மென்ட்னா டனல் சுவரா கோக்கிற கான்கிரீட் துண்டு, அது ஒரு சுத்து சேந்தா ஒரு ரிங். கசியுதுன்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதாதீங்க, தெளிஞ்ச தண்ணியா கலங்கல் தண்ணியான்னு எழுதுங்க. ஒரு காலி வாட்டர் பாட்டில்ல அந்த கசிவைப் பிடிச்சு, ரிங் நம்பரை மார்க்கர்ல எழுதி, டீ குடிச்சு முடிக்கிற நேரம் அசைக்காம வைங்க. அடியில மாவு மாதிரி வண்டல் படிஞ்சிருந்தா செக்மென்ட்டுக்கு வெளிய இருக்கிற மண்ணு உள்ள வந்துட்டு இருக்கு, அதாவது வெளிய ஒரு பொந்து உருவாகிட்டு இருக்கு. தெளிஞ்ச தண்ணின்னா நாளைக்கு அடைச்சுக்கலாம், கலங்கல்னா அந்த ஷிஃப்ட்லயே கிரவுட் ஏத்தணும், அந்த இடத்தைத் தாண்டி உள்ள இருக்கிற ஆளுங்களை முதல்ல வெளிய எடுக்கணும்.

விரிசல் மூலையிலயும் நீளவாக்குலயும் இருந்தா பெரும்பாலும் த்ரஸ்ட் ஜாக் (மெஷினை முன்னாடி தள்ளுற ஜாக்கி) சமமா தள்ளல, இல்லன்னா முந்தின ரிங் தளம் மட்டமா இல்ல. அது அசிங்கமா தெரியும், ஆனா ஆபத்து கம்மி. ரிங் முட்டை வடிவத்துக்கு போகுதான்னு குறுக்களவை தினமும் ஒரே பாயிண்ட்ல எடுங்க. ஒரு வாரத்துக்கு அப்புறமும் அளவு நிக்காம மாறிட்டே இருந்தா வெளிய கிரவுட் நிரம்பல, இல்ல நிலம் இன்னும் அழுத்திட்டு இருக்கு.

2025 ஜூலை 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ்ல வில்மிங்டன் பக்கம் நடந்ததை இந்த வேலையில இருக்கிற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். கடலுக்குப் போற பழைய கழிவுநீர் டனல்களுக்கு மாத்தா 11 கிலோமீட்டருக்கு, 5.5 மீட்டர் உள்விட்டத்துல புது டனல் போட்டுட்டு இருந்தாங்க, நுழையிற வழி ஒரே ஒரு ஷாஃப்ட் (மேல இருந்து இறங்குற செங்குத்துக் குழி) தான். மெஷினுக்கும் அந்த ஷாஃப்ட்டுக்கும் நடுவுல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. உள்ள சிக்கினவங்க கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரத்துக்கு குவிஞ்ச மண்ணு மேல ஏறி தவழ்ந்து இந்தப் பக்கம் வந்தாங்க, உதவிக்கு உள்ள போனவங்களையும் சேத்து 31 பேர், எல்லாருமே உயிரோட வெளிய வந்தாங்க. மேல கொஞ்சம் இடைவெளி இருந்ததால தான் வர முடிஞ்சது. எல்லாரோட கவனமும் முன்னாடி ஃபேஸ்ல இருக்கும், ஆனா ஏற்கெனவே கட்டி முடிச்சு தாண்டி வந்த இடமும் நம்ம பின்னாடி விழலாம். அதனால கசிவு பாக்கிற நடை ஷாஃப்ட்ல இருந்து மெஷின் வரைக்கும் முழுசா இருக்கணும்.

அறிகுறி: மெஷின் முன்னேற மாட்டேங்குது

ரெண்டு ரீடிங் போதும். த்ரஸ்ட் (தள்ளுற விசை) ஏறிட்டே போகுது, டார்க் (சுத்துற விசை) ஏறல, ஒரு சுத்துக்கு போற தூரம் குறையுதுன்னா கட்டர் மழுங்கிடுச்சு. டார்க் ஏறுது, மக் (தோண்டி வெளிய வர்ற மண்ணு) சூடா வருது, திட்டுத்திட்டா உருண்டையா வருதுன்னா களிமண் கட்டர்ஹெட்ல அப்பிக்கிச்சு, ஃபோமும் தண்ணியும் அளவு மாத்தணும். மக்ல இரும்புத் துண்டு பாத்தீங்கன்னா இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், நிறுத்திட்டு உள்ள போய் பாக்கணும்.

உள்ள போய் பாக்கிறது தான் இங்க கஷ்டமே. கடல் மட்டத்துக்கு கீழ ஆழமா இருக்கிறப்ப ஃபேஸ்ல ஆள் போகணும்னா அழுத்தக் காத்துல போகணும், அழுத்தம் கூடக் கூட வேலை பாக்கிற நேரம் சுருங்கும், வெளிய வர நேரம் நீளும். அதனாலேயே எல்லாரும் தள்ளிப் போடுறாங்க. சியாட்டில் பக்கத்துல ப்ரைட்வாட்டர் கழிவுநீர் திட்டத்துல 2009ல ரெண்டு ஸ்லரி மெஷின்ல (களிமண் கரைசல் அழுத்தத்தால ஃபேஸைத் தாங்குற வகை) கட்டர்ஹெட் விளிம்பு தேஞ்சு சேதமாகி நின்னுச்சு. ஒண்ணை ரிப்பேர் பண்ணி ஓட்டினாங்க, இன்னொன்னை விட்டுட்டு மிச்ச தூரத்தை எதிர் முனையில இருந்து வேற கான்ட்ராக்டரோட இ.பி.பி மெஷின் (தோண்டின மண்ணாலேயே ஃபேஸைத் தாங்குற வகை) வந்து 2011ல முடிச்சது. விவகாரம் கோர்ட் வரைக்கும் போச்சு. மாறி மாறி வர்ற மண்ணுல, அதாவது கொஞ்ச தூரம் மணல், கொஞ்ச தூரம் கல்லு, திரும்ப களிமண்ணுன்னு வர்ற இடத்துல, கட்டர் பாக்கிற நிறுத்தத்தை மெஷின் கேக்கிற வரைக்கும் காத்திருக்காம, நல்ல மண்ணு வர்ற இடமா பாத்து முன்கூட்டியே பிளான்ல போட்டுடுங்க.

அறிகுறி: கேஸ் மீட்டர் கத்துது, இல்ல கத்த மாட்டேங்குது

ஹைட்ரஜன் சல்பைடு வாசனை அழுகின முட்டை மாதிரின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா 100 பி.பி.எம் கிட்ட போனா மூக்கு மரத்துப் போயிடும், வாசனை நின்னுடும். "இப்ப நாத்தம் இல்ல சார்"னு யாராவது சொன்னா அவரை முதல்ல வெளிய கூப்பிடுங்க. ஆக்சிஜன் குறையிறதுக்கு வாசனையே கிடையாது.

பாஸ்டன் டீர் ஐலண்ட் அவுட்ஃபால் பத்தி இங்க கொஞ்சம் நீளமா சொல்லியே ஆகணும். 15.3 கிலோமீட்டர் டனல், 7.3 மீட்டர் விட்டம், கடலடித் தரைக்கும் ரொம்ப கீழ, கடைசியில 55 ரைசர் (செங்குத்துக் குழாய்) மேல கடலுக்குள்ள போகும். தோண்டுறப்ப கடல் தண்ணி உள்ள வந்துடக்கூடாதுன்னு ஒவ்வொரு ரைசரோட அடியிலயும் 30 கிலோ அளவுல ஒரு பாதுகாப்பு அடைப்பு வச்சிருந்தாங்க. வேலை முடியிறப்ப அந்த அடைப்பை யாராவது உள்ள போய் கழட்டணும். சிக்கல் எங்கன்னா, அடைப்பைக் கழட்டினா வெள்ளம் வரலாம், அப்ப உள்ள ஆளுங்க இருக்கக்கூடாது, அதனால காத்தோட்டம், லைட், ரயில் தண்டவாளம் எல்லாத்தையும் முன்னாடியே பிரிச்சு எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் காத்தே இல்லாத அந்த டனலோட கோடிக்கு டைவர்களை வண்டியில அனுப்பினாங்க, மூச்சு விட திரவ ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கலந்து குடுக்கிற ஒரு சிஸ்டத்தை நம்பி. 1999 ஜூலை 21ஆம் தேதி அந்த சிஸ்டம் சரியா காத்து குடுக்கல. போன 5 பேர்ல 2 பேர் இறந்துட்டாங்க. அப்புறம் ஒரு ரைசர் வழியா கடல் மட்டத்துல இருந்தே காத்தோட்டம் ஏற்படுத்தி மிச்ச அடைப்புகளைக் கழட்டினாங்க, 2000 செப்டம்பர் 6ஆம் தேதி அவுட்ஃபால் ஓட ஆரம்பிச்சது.

காத்து குடுக்க ஒரு வழி இருந்துச்சுங்கிறது தான் இதுல என் மனசை அரிக்கிற விஷயம். முன்னாடியே அதை யோசிச்சிருக்கலாம். உங்க திட்டத்துல தற்காலிக அடைப்பு, பல்க்ஹெட் (தடுப்புச் சுவர்), ஸ்டாப் லாக் (ஓட்டத்தை அடைக்கிற பலகை) எது இருந்தாலும், அதைக் கடைசியா கழட்டப்போறது யாரு, அன்னைக்கு அவங்களுக்கு காத்து எங்க இருந்து வரும், வெளிச்சம் எங்க இருந்து வரும்னு டிராயிங் அப்ரூவ் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. வெளிய இருந்து, கடல் பக்கத்துல இருந்து கழட்டுற மாதிரி டிசைன் மாத்த முடியுமான்னும் கேளுங்க. காத்தோட்ட குழாயைப் பிரிக்கிற தேதி ஷெட்யூல்ல எந்த வேலைக்கு முன்னாடி வருதுன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

அறிகுறி: டனல் கூரையில கான்கிரீட் வெள்ளையா மாவா உதிருது

ஓட ஆரம்பிச்சு சில வருஷம் ஆன டனல்ல இது வரும். ஸ்க்ரூ டிரைவரால சுரண்டிப் பாருங்க, ஈரமான சுண்ணாம்பு மாதிரி வழிச்சுட்டு வந்தா அது ஜிப்சம். கழிவுநீர்ல இருக்கிற சல்பேட்டை அடியில படிஞ்ச கொழகொழப்பான படலத்துல இருக்கிற பாக்டீரியா சல்பைடா மாத்துது, தண்ணி கலங்குற இடத்துல அது கேஸா மேல வருது, கூரையில இருக்கிற வேற பாக்டீரியா அதை சல்ஃப்யூரிக் ஆசிட்டா மாத்துது. 1940கள்லயே மெல்போர்ன்ல பார்க்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் இதைக் கண்டுபிடிச்சு சொல்லிட்டார். புது கான்கிரீட்டோட பி.எச் 12க்கு மேல, அரிச்ச இடத்துல 2க்கும் கீழ போயிடும்.

எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு தெரிய ஒரு கோர் எடுத்து ஃபினால்ஃப்தலீன் தெளிங்க, நல்லா இருக்கிற கான்கிரீட் ரோஸ் நிறமாகும், கெட்டுப்போனது நிறமே மாறாது. கோர் எடுக்க இடம் தேடுறப்ப ட்ராப் ஷாஃப்ட்டுக்கு (கழிவுநீர் மேல இருந்து விழுற குழி) கீழயும் பம்பிங் மெயின் (பம்ப் தள்ளி விடுற குழாய்) வந்து விழுற இடத்துக்கு கீழயும் எடுங்க, அங்க தான் கேஸ் அதிகமா வெளிய வரும். மேல்பூச்சு பூசி மூடுறதுக்கு முன்னாடி கெட்டதை முழுசா சுரண்டி எடுக்கலன்னா பூச்சு கொஞ்ச நாள்ல உரிஞ்சு தொங்கும். சிங்கப்பூர்ல ஆழ்சுரங்க கழிவுநீர் அமைப்போட ரெண்டாம் கட்டத்துல கான்கிரீட்டுக்கு உள்பக்கம் எச்.டி.பி.இ (கெட்டியான பிளாஸ்டிக்) லைனிங் போட்டு, டனலை பகுதி பகுதியா அடைச்சு காலி பண்ற கேட்டும் வச்சிருக்காங்க. அந்த கேட் ரொம்ப முக்கியம், நிறுத்தவே முடியாத டனல்ல எந்த ரிப்பேரும் செய்ய முடியாது. லைனிங் உப்பி நிக்குதுன்னா பின்னாடி நிலத்தடி நீர் அழுத்துது, அதைக் குத்தி விடாதீங்க.

அறிகுறி: மழை நேரத்துல மேன்ஹோல் மூடி பறக்குது

டனல் நிரம்பி வழியுதுன்னு நினைப்பீங்க. பெரும்பாலும் காத்து தான். டனல் வேகமா நிரம்புறப்ப காத்து மாட்டிக்கும், அது ஒரு ஷாஃப்ட்ட கண்டதும் மேல இருக்கிற தண்ணியைத் தூக்கி எறிஞ்சுட்டு வெளிய வரும். மினியாபொலிஸ்ல நெடுஞ்சாலை ஓரமா போற மழைநீர் டனல்ல பல மீட்டர் உயரத்துக்கு தண்ணி பீச்சி அடிச்சப்ப, உள்ள இருந்த அழுத்தம் தரை மட்டத்தைக் கூட எட்டலன்னு அளந்து பாத்து சொன்னாங்க. அதனால மூடியை போல்ட் போட்டு இறுக்காதீங்க, காத்து போக வழி விடுங்க. லண்டன்ல 2025 பிப்ரவரியில முழுசா இணைச்ச டைட்வே டனல், 25 கிலோமீட்டர், 7.2 மீட்டர் விட்டம், அதுல தண்ணியை நேரா கொட்டாம சுழல விட்டு இறக்குறாங்க, அப்படி இறக்கினா நடுவுல காத்துக்கு வழி கிடைக்கும்.

கேட்டை மெதுவா தொறங்கங்கிறதையும் இங்கேயே சொல்லிடறேன். மிச்சிகன்ல ஃப்ரேசர்ங்கிற ஊர்ல 2016 டிசம்பர் 24ஆம் தேதி பெரிய கழிவுநீர் குழாய் இடிஞ்சு வீடுகள் பக்கத்துல பள்ளம் விழுந்துச்சு, அடைச்சு வச்ச கழிவுநீரை வேகமா தொறந்து விட்டதை காரணமா ஆய்வு சொல்லிச்சு.

அறிகுறி: அதே ஓட்டம், ஆனா கரைப்பக்க ஷாஃப்ட்ல மட்டம் ஏறுது, கடல்ல சில போர்ட்ல (ரைசர் முனையில கழிவுநீர் வெளிய வர்ற வாய்) இருந்து ஒண்ணும் வரல

கடல் தண்ணி உள்ள போயிருக்கான்னு முதல்ல பாருங்க, அடைப்பை அப்புறம் தேடலாம். கழிவுநீரை விட கடல் தண்ணி கிட்டத்தட்ட 2.5 சதவீதம் கனம். பாஸ்டன்ல மாதிரி 75 மீட்டர் உயர ரைசர்ல கடல் தண்ணி நின்னுச்சுன்னா அது நல்ல தண்ணி நிக்கிற பக்கத்து ரைசரை விட ஏறக்குறைய 1.9 மீட்டர் கூடுதலா அழுத்தும். ஓட்டம் கம்மியா இருக்கிற ராத்திரியில கழிவுநீர் லேசான ரைசர்கள் வழியா மட்டும் மேல போகும், கனமான ரைசர் வழியா கடல் தண்ணி கீழ இறங்கும், அதோட மணலும் வண்டலும் சிப்பி முட்டையும் வரும். இப்படியே விட்டா அந்த ரைசர் நிஜமாவே அடைச்சுடும்.

சரி பண்ண, தண்ணியைத் தேக்கி வச்சு ஒரு பெரிய ஓட்டமா விட்டு உப்பு நீரை எல்லா ரைசர்லயும் இருந்து வெளிய தள்ளணும். அந்த ஓட்டம் எவ்வளவுன்னு டிசைன் ரிப்போர்ட்ல இருக்கணும், இல்லன்னா கேட்டு வாங்குங்க. இருபது வருஷம் கழிச்சு வரப்போற ஓட்டத்துக்கு டிசைன் பண்ணிட்டு முதல் நாளே எல்லா போர்ட்டையும் தொறந்து வைக்கிறது தான் நான் திரும்பத் திரும்ப பாக்கிற தப்பு, ஆரம்ப வருஷங்களுக்கு பாதியை மூடி வைங்க. டக்பில் வால்வு (வாத்து அலகு மாதிரி வெளிப்பக்கம் மட்டும் தொறக்கிற ரப்பர் வால்வு) நல்லது, ஆனா வலை மாட்டினா வாய் தொறந்தே நிக்கும், ஆர்.ஓ.வி (கேமரா வச்ச, ஆளில்லாம கடலுக்கு அடியில போற மெஷின்) விட்டு வருஷா வருஷம் பாக்கணும்.

உப்பு நீர் இல்லன்னு உறுதி ஆனா கொழுப்பைத் தேடுங்க. சிட்னியில 2024 அக்டோபர்ல கூஜி கடற்கரையில ஆயிரக்கணக்குல கறுப்பு உருண்டை ஒதுங்கி கடற்கரையை மூடினாங்க, முதல்ல தார்னு நினைச்சாங்க, சோதிச்சப்ப சமையல் எண்ணெய், கொழுப்பு, சோப்பு கலந்த கழிவுநீர் சமாச்சாரம்னு தெரிஞ்சது. இதை டனல்ல சரி பண்ண முடியாது, ஓட்டல் சமையல்கட்டுல கொழுப்புத் தொட்டி இருக்கான்னு பாக்கிறதுல இருந்து தான் ஆரம்பிக்கணும்.

அறிகுறி: அதே ஓட்டம், ஆனா மட்டம் இறங்கிடுச்சு

இதைப் பாத்து யாரும் புகார் சொல்ல மாட்டாங்க, பம்புக்கு கரண்ட் கூட மிச்சமாகும். ஆனா தடை குறைஞ்சிருக்குன்னா தண்ணி கடைசி வரைக்கும் போகாம நடுவுலயே வெளிய போகுது. சான் டியாகோவுல பாயிண்ட் லோமா குழாய் 1992 பிப்ரவரி 2ஆம் தேதி கரைக்கு ரொம்ப பக்கத்துல, ஆழம் கம்மியான இடத்துல உடைஞ்சது. சரி பண்ணி முடிக்க மாசங்கள் ஆச்சு, அதுவரைக்கும் பெரிய ஊரோட கழிவுநீர் கரையோரமா கலந்துச்சு. அடுத்த வருஷம் குழாயை 7.2 கிலோமீட்டருக்கு நீட்டி, 98 மீட்டர் ஆழத்துக்கு கொண்டு போனாங்க.

அதனால ஓட்டத்தையும் மட்டத்தையும் தனித்தனி அலாரமா வைக்காதீங்க. கமிஷனிங் (முதல்ல ஓட விடுற) அன்னைக்கு, அலைமட்டத்தைக் கழிச்சு, ஓட்டத்துக்கு எதிரா மட்டத்தை ஒரு கோடா வரைஞ்சு கன்ட்ரோல் ரூம் சுவத்துல ஒட்டுங்க. கோட்டுக்கு மேல புள்ளி விழுந்தா அடைப்பு, கீழ விழுந்தா உடைப்பு. மேல விழுந்தா ஒரு வாரத்துக்குள்ள ஆர்.ஓ.வி, கீழ விழுந்தா அன்னைக்கே படகு அனுப்பி கரையில இருந்து வெளிய பாத்துட்டே போகச் சொல்லுங்க, கடல் நிறம் மாறுற இடத்தை ஜி.பி.எஸ்ல குறிச்சுட்டு வரட்டும்.